ஏழு புத்தகம், மூன்று படம்: நார்னியா ஏன் பாதியில் நின்றது?

நார்னியா என்ற மாய நாட்டைப் பற்றிச் சி.எஸ். லூயிஸ் பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகங்கள் 1950-லிருந்து 1956 வரை வருடத்துக்கு ஒன்றாக வெளிவந்தன, மொத்தம் ஏழு. ஹாலிவுட் 2005-ல் முதல் கதையைப் படமாக்கியது, 2008-ல் இரண்டாவது, 2010-ல் மூன்றாவது, அதோடு சரி. முதல் படம் உலகம் முழுக்க 74 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அப்படி ஓடிய ஒரு தொடர் ஏன் பாதியில் நின்றது என்று கேட்டால், 'ரெண்டாவது படம் சரியாப் போகல' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பாலக்கோட்டில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகங்களை வாசித்துத் தமிழில் சொல்லி, அப்புறம் படங்களையும் போட்டுக் காட்டி வருகிறேன். பிள்ளைகள் எந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள், எந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் வேறு இடத்தில் இருப்பது தெரிகிறது.

முதலில் கணக்கை முடித்துவிடலாம். 2005 படத்துக்கு ஆன செலவு 18 கோடி டாலர். 2008-ல் வந்த 'பிரின்ஸ் காஸ்பியன்' படத்துக்கு 22.5 கோடி செலவழித்து, உலகம் முழுக்கச் சேர்த்து 42 கோடியைக்கூடத் தொடவில்லை. வசூலில் ஒரு பெரிய பங்கு தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி, ஆக கையில் நின்றது குறைவு. முதல் படம் டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், பனிக்காலக் கதையாக வந்தது. இரண்டாவதை மே மாதத்தில் 'அயர்ன் மேன்' படத்துக்கும் புது 'இந்தியானா ஜோன்ஸ்' படத்துக்கும் நடுவில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு படங்களையும் வெளியிட்ட டிஸ்னி அந்த வருடக் கடைசியில் விலகிக்கொண்டது. வால்டன் மீடியா என்ற தயாரிப்பு நிறுவனம் ஃபாக்ஸைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவது படத்தை எடுத்தது, அது முந்தின படம் எடுத்த அளவுக்குத்தான் எடுத்தது. 2011-ல் உரிமத்தின் காலமே முடிந்துவிட்டது.

உரிமம் என்பது இங்கே முக்கியமான விஷயம். ஒரு புத்தகத் தொடரின் பட உரிமையைச் சும்மா வாங்கிப் பெட்டியில் போட்டுவைக்க முடியாது. இத்தனை வருடத்துக்குள் படம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்தாளர் தரப்புக்கே திரும்பிப் போய்விடும் என்றுதான் ஒப்பந்தம் இருக்கும். ஒரு படத்தில் கை சுட்டுக்கொண்டவர்கள் யோசித்துக்கொண்டே இருக்கும்போது காலம் ஓடிவிடும், அந்தப் பக்கம் நடித்த பிள்ளைகளும் வளர்ந்துவிடுவார்கள். நான்காவது கதையான 'தி சில்வர் சேர்' சின்னப் பையனான யூஸ்டஸை நம்பி நிற்கிறது. மூன்றாவது படத்தில் யூஸ்டஸாக நடித்த வில் போல்ட்டருக்கு, அந்த நான்காவது கதைக்கு வேறு ஒரு நிறுவனம் கைகோத்த 2013-ல் இருபது வயது. அந்த முயற்சியும் படமாகவில்லை.

ஹாரி பாட்டருக்கு ஏன் இந்தச் சிக்கல் வரவில்லை? அங்கே ஒரு புத்தகம் என்றால் ஒரு பள்ளி வருடம், அதே மூன்று பிள்ளைகள், அதே பள்ளிக்கூடம். நடிகர்கள் வளர வளரக் கதாபாத்திரமும் வளர்கிறது. 2001-ல் தொடங்கி 2011-ல் எட்டுப் படங்களில் முடித்துவிட்டார்கள். நார்னியாவில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரே ஆள் கிடையாது. முதல் இரண்டு கதைகளில் வருகிற நான்கு பிள்ளைகளில் பீட்டரும் சூசனும் இரண்டாவது கதையின் முடிவிலேயே 'இனி நீங்கள் இங்கே வர முடியாது' என்று அனுப்பப்படுகிறார்கள். மூன்றாவதோடு லூசியும் எட்மண்டும் போய்விடுகிறார்கள். நான்காவதில் யூஸ்டஸும் ஜில்லும். ஐந்தாவது முழுக்க வேறொரு பையனின் கதை. ஆறாவது நார்னியா பிறந்த கதை, முதல் கதைக்கும் எத்தனையோ காலம் முந்தையது. வாசிக்கிற பிள்ளைக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை, புது ஆள் வந்தால் புது ஆளோடு போகும். படத்துக்கு டிக்கெட் எடுக்கிறவர் போன தடவை பார்த்த முகத்தைத் தேடி வருகிறவர்.

சரி, முகம் மாறினாலும் ஏழு புத்தகத்தையும் ஒன்றாகக் கட்டுகிறது எது? சிங்கமான அஸ்லான் என்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. கதை சொல்கிறவரின் குரல். அதுதான் படத்துக்கு வந்து சேரவே இல்லை, மீதிக் கோளாறெல்லாம் அந்த இடத்தை வேறு எதையாவது வைத்து நிரப்பப் போனதால் வந்தது என்பதுதான் என் கட்சி.

முதல் புத்தகத்தில் லூசி பழைய மர பீரோவுக்குள் நுழைகிற இடத்தைப் பாருங்கள். தொங்குகிற கோட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறாள், காலடியில் ஏதோ நொறுங்குகிறது, குனிந்து தொட்டால் பனி. இதற்கு நடுவில் லூயிஸ் நம்மைப் பார்த்து ஒன்று சொல்கிறார்: அவள் கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள், ஏனென்றால் பீரோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது முட்டாள்தனம் என்று அவளுக்குத் தெரியும். இதை ஒரு தடவை சொல்லி விடுவதில்லை, திரும்பத் திரும்பச் சொல்கிறார். எட்மண்ட் கதவைச் சாத்திக்கொண்டு நுழையும்போது அவன் எப்படிப்பட்ட பையன் என்பது அந்த ஒரு செயலிலேயே தெரிந்துவிடுகிறது. நான் வாசிக்கும்போது இரண்டாவது தடவைக்கே பிள்ளைகள் எனக்கு முன்னால் 'கதவைச் சாத்தக்கூடாது' என்று கத்திவிட்டார்கள். கதையில் அவர்களுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

இன்னொரு இடம். பேசுகிற பீவர் ஒன்று, ஆற்றில் அணை கட்டி வாழ்கிற மிருகம் அது, அஸ்லான் என்ற பெயரை முதன்முறை சொல்கிறது. அஸ்லான் யார் என்று பிள்ளைகள் நால்வருக்கும் தெரியாது. ஆனால் பெயரைக் கேட்டதுமே எட்மண்டுக்குள் இனம் தெரியாத திகில், பீட்டருக்குத் திடீரென்று தைரியம், சூசனுக்கு நல்ல வாசனையோ இசையோ பக்கத்தில் கடந்துபோன மாதிரி, லூசிக்கு விடுமுறை தொடங்கும் முதல் நாள் காலையில் கண்விழித்த மாதிரி. ஒரே பத்தியில் நான்கு மனசு. படத்தில் நான்கு முகங்களைத்தான் காட்ட முடியும், எவ்வளவு நல்ல நடிகராக இருந்தாலும் 'விடுமுறையின் முதல் நாள்' என்பதை முகத்தில் கொண்டுவருவது எப்படி?

இதை யோசிக்கும்போது எனக்கு எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்துதான் நினைவுக்கு வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் மகாபாரதத் திருவிழா என்றால் பகலில் பந்தலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், இரவு கூத்து நடக்கும். பிரசங்கியார் கதையை விட்டு வெளியே வருவார், எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பேர் சொல்லிக் கேட்பார், உங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இப்படி இருந்தால் என்ன செய்வீர்கள் என்பார், மறுபடி உள்ளே போவார். இரவுக் கூத்தில் பாரதம் முழுவதும் வராது. துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று பொறுக்கியெடுத்த சில இரவுகள்தான், விடிந்தால் திடலில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருப்பான். நடுவில் இருக்கிற இடைவெளியை எல்லாம் பகலில் கேட்ட கதை நிரப்பிவிடுகிறது. கூத்துக்குள்ளும் கட்டியங்காரன் இருக்கிறான், ராஜாவிடம் பேசிக்கொண்டே நம் பக்கம் திரும்பி நம் பாஷையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். சொல்வதற்கு ஒரு ஆள், ஆடுவதற்கு ஒரு ஆள் என்று வேலையைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். சினிமாவில் சொல்கிற ஆள் போய்விடுகிறார், ஆடுகிறவர் மட்டும் மிஞ்சுகிறார்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் குரல் நன்றாகப் பழக்கம். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 'வியாசர் விருந்'தில் பாரதத்தைச் சொல்லும்போது நடுநடுவே நிறுத்தி நம்மோடு பேசுவார். கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்குவதே நம்மைக் கற்பனை ஓடத்தில் ஏற்றிக்கொண்டுதான். அது 2022-ல் படமாக வந்தபோது கமல்ஹாசன் குரலில் முன்கதை வந்தது, ஆனால் முன்கதையைச் சொல்லிமுடித்ததும் அந்தக் குரலின் வேலை முடிந்துவிட்டது. வந்தியத்தேவனின் அசட்டுத் துணிச்சலைப் பார்த்துக் கல்கி நமக்கு மட்டும் கேட்கிற மாதிரி சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு இல்லாத குறையைப் புத்தகம் படித்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் சொன்னார்கள்.

குரல் போன இடத்தில் என்ன வந்தது? போர் வந்தது. முதல் புத்தகத்தில் கடைசிச் சண்டை ஓரிரு பக்கம்தான், அதிலும் பாதிச் சண்டை நடந்து முடிந்த பிறகுதான் லூசியும் சூசனும் அஸ்லானோடு அங்கே போய்ச் சேர்கிறார்கள். படத்தில் அது பிரம்மாண்டப் போர்க்களம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று படங்களும் 2001 முதல் 2003 வரை வந்து ஓடியிருந்த நேரம், மாயக் கதை என்றாலே படை வேண்டும் என்றாகிவிட்டது. 'பிரின்ஸ் காஸ்பிய'னில் இது இன்னும் அதிகம். புத்தகத்தில் இல்லாத கோட்டைத் தாக்குதல் ஒன்று, சூசனுக்கும் காஸ்பியனுக்கும் நடுவில் ஒரு காதல், கடைசியில் ஒரு முத்தம். புத்தகத்தில் காஸ்பியனின் கதையை டிரம்ப்கின் என்ற குள்ளன் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்கிறான், அது நான்கு அத்தியாயம் போகும். அதைப் படத்தில் நேர்வரிசையாக மாற்றியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், வேறு வழியும் இல்லை. ஆனால் டிரம்ப்கின் வாயால் கேட்டபோது இருந்த நெருக்கம் போய், காஸ்பியன் இன்னொரு இளவரசன் ஆகிவிட்டான்.

மூன்றாவது கதை பெரிய சோதனை. 'தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்' தீவு தீவாகப் போகிற ஒரு கப்பல் பயணம், அவ்வளவுதான். ஒரு தீவில் யூஸ்டஸ் டிராகனாக மாறுகிறான், ஒரு தீவில் கண்ணுக்குத் தெரியாத மனிதர்கள், ஒரு இடத்தில் கெட்ட கனவுகள் நிஜமாகிற இருட்டு, கடைசியில் உப்பில்லாத கடலும் அல்லிப்பூக்களும். வில்லன் என்று யாரும் இல்லை. ஏழு பிரபுக்களைத் தேடிப் போகிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் கோக்கிற சரடு. படமெடுத்தவர்களுக்கு அது போதவில்லை. ஆளைப் பிடித்துப் போகிற பச்சைப் பனிமூட்டம் ஒன்றை உருவாக்கினார்கள், ஏழு வாள்களையும் சேர்த்து மேசையில் வைத்தால்தான் அதை ஒழிக்க முடியும் என்றார்கள். பயணம் போய்ப் பொருள் தேடுகிற வேலையாகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க எழுந்து போனது இங்கேதான். டிராகனான யூஸ்டஸின் தோலை அஸ்லான் உரிக்கிற இடம் புத்தகத்தில் எவ்வளவு வலியும் எவ்வளவு நிம்மதியுமாக இருக்கும்! யூஸ்டஸே எட்மண்டிடம் அதைச் சொல்கிறான், தானே மூன்று தடவை உரித்துப் பார்த்தேன், முடியவில்லை, அப்புறம் சிங்கத்தின் நகம் நெஞ்சுவரை இறங்கியது என்று. படத்தில் அது ஓடிவிடுகிறது.

சேர்த்தது எல்லாமே தவறு என்று சொல்ல மாட்டேன். 2005 படம் லண்டனில் குண்டு விழுவதோடு தொடங்குகிறது. புத்தகத்தில் அது ஒரே வரி: போர்க் காலம், விமானத் தாக்குதலுக்குப் பயந்து பிள்ளைகளைக் கிராமத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 1950-ல் அதை வாசித்த ஆங்கிலேயப் பிள்ளைக்கு அந்த ஒரு வரி போதும், அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளை லூயிஸே தன் ஆக்ஸ்ஃபோர்டு வீட்டில் வைத்திருந்திருக்கிறார். நம் பிள்ளைகளுக்குப் போதாது. குண்டு விழும்போது எட்மண்ட் அப்பாவின் போட்டோவை எடுக்கத் திரும்ப ஓடுகிறான், அவனுடைய கோபம் எங்கிருந்து வருகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. அதேபோல லூசி முதன்முறை பனியைப் பார்க்கும் காட்சி: அந்த செட்டை லூசியாக நடித்த ஜார்ஜி ஹென்லி முன்கூட்டியே பார்த்துவிடாதபடி மறைத்துவைத்திருந்து, அவள் உண்மையிலேயே வியக்கும் முகத்தைப் படம்பிடித்தார் இயக்குநர் ஆண்ட்ரூ ஆடம்சன். மே மாத வெயிலில் தர்மபுரியில் உட்கார்ந்து பனி என்றால் என்ன என்று நான் பத்து நிமிடம் விளக்கியதை அந்த முகம் ஒரு நொடியில் செய்துவிட்டது.

லூயிஸுக்கே படமாக்குவதில் பயம் இருந்தது. 1959-ல் பிபிசி தயாரிப்பாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், மனிதர்களை வைத்து டிவியில் எடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். பேசுகிற மிருகங்களை எழுத்தில் நம்ப முடியும், கண்ணெதிரே வேஷம் கட்டி நிறுத்தினால் கோமாளித்தனமாகவோ பயங்கரமாகவோ போய்விடும், கார்ட்டூன் என்றால் பரவாயில்லை என்பது அவர் வாதம். 1963-ல் அவர் இறந்துபோனார். 1988-ல் பிபிசி தன் டிவி தொடரில் செய்தது ஏறக்குறைய அவர் பயந்த அதே காரியம்: பீவர்களாக வேஷம் போட்ட மனிதர்கள், உள்ளே ஆட்கள் இருந்து இயக்கிய பெரிய பொம்மைச் சிங்கம். 2005-ல் கணினியில் உருவான அஸ்லானின் பிடரி மயிர் காற்றில் அசைவதைப் பார்த்தால் நிஜச் சிங்கமே தோற்றுவிடும், ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற நிறுவனத்தின் வேலை அது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டையும் போட்டுக் காட்டியிருக்கிறேன். பொம்மைச் சிங்கத்தைப் பார்த்ததும் வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு சின்னப்பெண், 'உள்ளே யாருண்ணா இருக்காங்க?' என்று கேட்டாள். கல்மேசையில் அதைக் கட்டிப்போட்டுப் பிடரியை வெட்டும்போது அவளேதான் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வேஷம் தெரிவது பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுப்பதில்லை. கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வருகிறவர் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்துகொண்டேதான் இங்கே எல்லோரும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். லூயிஸின் பயம் இந்த ஒரு விஷயத்தில் அதிகப்படி என்றுதான் சொல்வேன்.

நம்பிக்கையைக் கெடுப்பது வேறு. எடுக்கிறவர்களுக்கே அந்த உலகத்தின் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால்தான் கெடும். இதற்குப் பழைய உதாரணம் ஓஸ் என்ற மாய நாட்டுக் கதைகள். ஃபிராங்க் பாம் 1900-ல் முதல் புத்தகத்தை எழுதி, மொத்தம் பதினான்கு எழுதினார். 1939-ல் வந்த புகழ்பெற்ற படத்தில், அங்கே போகிற டோரதி என்ற சிறுமியின் வெள்ளிச் செருப்பு டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சிவப்பு ரத்தினச் செருப்பு ஆனது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கடைசியில் டோரதி கட்டிலில் கண்விழிக்கிறாள், சுற்றியிருக்கிறவர்கள் அது கனவு என்கிறார்கள். பாமின் புத்தகத்தில் ஓஸ் நிஜமான நாடு, டோரதி திரும்பத் திரும்பப் போகிறாள், ஆறாவது புத்தகத்தில் சித்தப்பா சித்தியோடு அங்கேயே குடியேறிவிடுகிறாள். அதைக் கனவு என்று சொன்ன அந்தப் படத்துக்கு அடுத்த பாகம் எப்படி வரும்?

மூன்று புத்தகத் தொடர் ஒன்றின் முதல் கதையை வைத்து 2007-ல் வந்த 'தி கோல்டன் காம்பஸ்' வேறு விதமாக மாட்டியது. புத்தகத்தின் கடைசிப் பகுதியைப் படம்பிடித்துவிட்டு, சோகமாக இருக்கிறது, அடுத்த படத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று வெட்டிவிட்டார்கள், அடுத்த படம் வரவே இல்லை. அதே மூன்று புத்தகங்களை 2019-லிருந்து 2022 வரை மூன்று சீசன் டிவி தொடராக எடுத்து முடித்தார்கள். நீளம் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

நார்னியாவுக்கு இப்போது மறுபடி ஒரு வாய்ப்பு. 2018-ல் ஏழு புத்தகங்களின் உரிமையையும் மொத்தமாக நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது, ஒரே நிறுவனத்திடம் ஏழும் சேர்ந்து போனது இதுதான் முதல் தடவை. கிரெட்டா கெர்விக் இயக்குகிறார், தொடங்குவது ஆறாவதாக வெளிவந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'விலிருந்து. காலவரிசைப்படி அதுதான் முதல் கதை, 1957-ல் ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸே காலவரிசையில் படிக்கலாம் என்கிற அவன் பக்கம் சாய்ந்திருக்கிறார், எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் வருத்தம் உண்டு. நடுக்காட்டில், பனியில், தனியாக எரிந்துகொண்டிருக்கிற விளக்குக் கம்பம் அங்கே எப்படி வந்தது என்ற கேள்வியோடு ஐந்து புத்தகம் கடந்து வந்த பிள்ளைக்குத்தான் ஆறாவதில் அதன் பதில் இனிக்கும். முதலிலேயே சொல்லிவிட்டால் லூசி அதைப் பார்க்கும்போது நமக்கு ஏற்கெனவே தெரிந்த கம்பம்தான் அது.

எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு 'தி சில்வர் சேர்' மேல்தான். அதில் பூமிக்கு அடியில் ஓர் அறை. பச்சை உடை உடுத்திய சூனியக்காரி நெருப்பில் ஒரு பொடியைத் தூவுகிறாள், இனிப்பான வாசனை, மெதுவாக ஒரு வாத்தியத்தை மீட்டிக்கொண்டே பேசுகிறாள்: சூரியன் என்று ஒன்று இல்லை, விளக்கைப் பார்த்துப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டீர்கள், பூனையைப் பார்த்துச் சிங்கத்தைக் கற்பனை செய்துகொண்டீர்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆமாம் என்கிறார்கள். அப்போது பட்டில்கிளம் என்ற எப்போதும் புலம்புகிற சதுப்புநிலத்து ஆள் வெறுங்காலால் அந்த நெருப்பை மிதித்து அணைக்கிறான், கால் கருகுகிற நாற்றத்தில் எல்லோருக்கும் தலை தெளிகிறது, நாங்கள் கற்பனை செய்தது என்றே வைத்துக்கொள், அந்தக் கற்பனை உன் நிஜத்தைவிட எவ்வளவோ மேல், நார்னியா இல்லாவிட்டாலும் நான் நார்னியாக்காரனாகவே வாழ்வேன் என்கிறான். நெருப்பை மிதிப்பதைத் தவிர மீதியெல்லாம் பேச்சுதான், இருந்தும் எந்தப் போர்க்களத்தையும்விடப் பிள்ளைகள் மூச்சுப் பிடித்துக் கேட்கிற இடம் அது. 1990-ல் பிபிசி தொடரில் டாம் பேக்கர் பட்டில்கிளமாக நடித்து இதைச் செய்திருக்கிறார், பெரிய திரையில் இதுவரை யாரும் எடுக்கவில்லை. காலவரிசைப்படி போனால் இந்தக் கதை ஆறாவதாக வரும். அதுவரைக்கும் பணமும் பொறுமையும் தாக்குப்பிடிக்க வேண்டும், யூஸ்டஸாக நடிக்கப் போகிற பையனும் ரொம்ப வளர்ந்துவிடாமல் இருக்க வேண்டும்.